சொத்தைக் கடலையும் வைட்டமின் மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரியில் நோய்த்தடுப்பு மருத்துவம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் துறைக்கு மாணவர்களிடம் பெரிய மவுசு கிடையாது. அறுவை சிகிச்சை இல்லை, அவசரப் பிரிவு இல்லை. கிணற்றுத் தண்ணீர், கொசு, தடுப்பூசிக் கணக்கு என்று போகும். ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. டாக்டர் என்றால் டாக்டர்தான். "சார், ஈரலுக்கு இந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை ரொம்ப நல்லதாமே? தினம் ஒண்ணு போட்டுக்கிட்டா கேன்சரே வராதாமே?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டுவார். வைட்டமின் ஏ, சி, ஈ, கொஞ்சம் செலினியம், கொஞ்சம் துத்தநாகம். மாத்திரை ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருக்கும்.

ரசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. வானொலி நிலையத்தார் கூப்பிட்டு என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டபோது, இதையே பேசிவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் கரண்ட் போய்விட்டால் விஷயம் தெரியாமல் போய்விடக் கூடாது. கல்லீரல் புற்றுநோயைத் தடுக்க வைட்டமின் மாத்திரை உதவும் என்று பெரிய சோதனைகளில் நிரூபணம் கிடைக்கவில்லை. அந்த நோயைத் தடுக்க வழி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வழி இருக்கிறது. அது மருந்துக் கடையில் இல்லை. பாதி வழி நம் தானியக் குதிரிலும் கடலை மூட்டையிலும் இருக்கிறது. மீதி பிரசவ வார்டில் இருக்கிறது. இதைத்தான் இன்றைக்குச் சுற்றிச் சுற்றிச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் கதை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். நாம் மூச்சுவிடும் ஆக்ஸிஜன் இல்லாமல் உயிர் இல்லை. ஆனால் உடம்புக்குள் அது எரிந்து சக்தியாகும்போது, சண்டைக்கு அலையும் சில துணுக்குகள் உண்டாகின்றன. அவை பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். உயிரணுவின் சவ்வையும் தாக்கும், உள்ளே இருக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ.வையும் தாக்கும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி என்று விளம்பரங்களில் சொல்வார்களே, அதுதான். வைட்டமின் ஈ, சி, உடம்புக்குள் வைட்டமின் ஏவாக மாறுகிற பீட்டா கரோட்டின் எல்லாம் இந்தத் துணுக்குகளை அடக்கக்கூடியவை. சோதனைக் குழாயில் அழகாக அடக்கிக் காட்டும். டி.என்.ஏ. கெட்டால் புற்றுநோய், வைட்டமின் அதைக் காக்கும், ஆகவே வைட்டமின் சாப்பிட்டால் புற்றுநோய் வராது. கேட்கும்போது கோர்வையாகத்தான் இருக்கிறது.

1981-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டால். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர். உணவில் இருக்கும் பீட்டா கரோட்டின் மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குறைக்குமா என்பது கட்டுரையின் தலைப்பு. தலைப்பே கேள்விதான். சோதித்துப் பாருங்கள் என்றுதான் அவர்கள் எழுதினார்கள். மாத்திரை விற்கிறவர்கள் அந்தக் கேள்விக்குறியை வழியில் எங்கேயோ உதிர்த்துவிட்டார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் உதிர்க்கவில்லை, சோதித்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. 1994-இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். குறைவு இல்லை, கூடுதல். தற்செயலாக இருக்கும் என்றார்கள். அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து இதே போன்ற இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர்கள். அங்கே 28 சதவீதம் கூடுதல். குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னாலேயே, 1996-இல், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி ஈரலைப் பற்றி, இவர் நுரையீரலைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். வருகிறேன். அதே பின்லாந்து ஆட்களை மொத்தம் இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து, கல்லீரல் புற்றுநோய்க் கணக்கும் எடுத்தார்கள். பீட்டா கரோட்டினும் தடுக்கவில்லை, வைட்டமின் ஈயும் தடுக்கவில்லை.

சீனாவில் நடந்தது இதைவிடப் பெரிய முயற்சி. ஹெனான் மாகாணத்தில் லின்சியான் என்று ஒரு மலைப்பகுதி வட்டாரம். உணவுக்குழாய்ப் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. அங்கே மனிதர்களுக்கு மட்டுமல்ல, வீட்டு மிச்சத்தைக் கொத்தித் தின்ற கோழிகளுக்கும் தொண்டையில் கட்டி வந்தது. எங்கள் துறைக்காரர்களுக்கு இந்த மாதிரித் தகவல் தேன் குடித்த மாதிரி. மனிதனுக்கும் கோழிக்கும் ஒரே நோய் என்றால், பரம்பரையைவிடச் சாப்பாட்டின் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். 1986-இல் அங்கே 29,584 பேருக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். கிராம மருத்துவர்கள் மாதாமாதம் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் நடந்தது. வைட்டமின் ஏவும் துத்தநாகமும் ஒரு சேர்க்கை, பி வகை வைட்டமின்கள் ஒன்று, வைட்டமின் சியும் மாலிப்டினமும் ஒன்று, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் செலினியமும் சேர்ந்து ஒன்று.

இந்தக் கடைசிச் சேர்க்கையைச் சாப்பிட்டவர்களில் இரைப்பைப் புற்றுநோய்ச் சாவு 21 சதவீதம் குறைந்தது. அதை மறைக்கக் கூடாது, அது உண்மை. ஆனால் லின்சியான் மக்கள் அந்தக் காலத்தில் பழம், கறி, எண்ணெய் எதையும் சரியாகக் கண்டவர்கள் இல்லை. உடம்பில் இல்லாத சத்தைக் கொடுத்தால் பலன் தெரியும். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டு, மேலே ஒரு மாத்திரையும் போடுகிற நம் பந்திக்காரரின் கதை வேறு.

சரி, ஈரல்? 2007-இல் அந்தக் கணக்கும் வெளிவந்தது. 1986 முதல் 2001 வரை அந்த மக்களில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 151 பேர். நான்கு சேர்க்கையில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், சாப்பிடாவிட்டாலும், மொத்தத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

ஷாங்காயில் சோதனை செய்யாமல், மக்கள் தாங்களாக என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1,32,837 பேரிடம் கேட்டு, பல வருஷம் கவனித்துப் பார்த்தார்கள். 267 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. வைட்டமின் ஈ அதிகம் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, அது சாப்பாட்டில் வந்தாலும் சரி, மாத்திரையில் வந்தாலும் சரி, நோய் குறைவாக இருந்தது. அப்படிப் போடுங்கள் என்று மாத்திரைக்காரர் சந்தோஷப்படலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தவர்களில் வைட்டமின் சி மாத்திரையும் மல்ட்டி வைட்டமினும் சாப்பிட்டவர்களுக்கு நோய் அதிகமாக இருந்தது. உடம்பு சரியில்லாதவர்தானே மாத்திரையைத் தேடிப் போகிறார்? ஆக, மாத்திரையால் நோய் வந்ததா, நோயால் மாத்திரை வந்ததா என்று இந்த மாதிரிக் கணக்கில் பிரித்துச் சொல்ல முடியாது. அதே நியாயம் வைட்டமின் ஈக்கும் பொருந்தும். நன்றாகச் சாப்பிடுகிறவர், வசதி உள்ளவர், குடிக்காதவர், இவருக்கு எல்லாமே குறைவாகத்தான் வரும். அதனால்தான் லின்சியான், பின்லாந்து மாதிரி, யாருக்கு எந்த மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்த சோதனைகளுக்கு நாங்கள் அதிக மதிப்பு கொடுக்கிறோம்.

இன்னொன்று. வைட்டமின் ஏ ஈரலில்தான் சேர்ந்து கிடக்கிறது. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், ஏ அப்படிப் போகாது. 1597-இல், ருஷ்யாவுக்கு வடக்கே நோவாயா செம்லியா தீவில் பனியில் மாட்டிக்கொண்ட டச்சு மாலுமிகள் ஒரு பனிக்கரடியைக் கொன்று அதன் ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். பசி. மூன்று பேர் படுத்த படுக்கையாகி, தலை முதல் கால் வரை தோல் உரிந்துவிட்டது என்று கூட இருந்தவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கரடி ஈரலில் அவ்வளவு வைட்டமின் ஏ. அது வைட்டமின் ஏ செய்த வேலை என்று 1940-களில்தான் ஆய்வகத்தில் உறுதியானது. பயப்படாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவலில் அந்த ஆபத்து இல்லை. கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வைட்டமின் ஏ மாத்திரையை வருஷக்கணக்கில் தாராளமாகப் போட்டால், எந்த ஈரலைக் காப்பாற்றப் போடுகிறோமோ அந்த ஈரலிலேயே தழும்பு விழும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். என் மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், சார் கடலைக்கு வந்துவிட்டார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வேர்க்கடலை, நிலக்கடலை, எங்கள் திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை. வீட்டில் ஒரு கை வறுத்த கடலை எடுத்துக் கொறிக்கிறீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒன்று கசக்கும். முகம் சுளிக்கும். நாகரிகம் தெரிந்தவர்கள் அதை மென்று விழுங்கிவிட்டு, அடுத்ததை வேகமாகப் போட்டுக்கொண்டு கசப்பை மறைப்பார்கள். நான் சொல்கிறேன், துப்புங்கள். யார் வீடாக இருந்தாலும் துப்புங்கள். கசக்கிற கடலை எல்லாமே நஞ்சு என்று சொல்லவில்லை. ஆனால் சுருங்கின பருப்பு, கறுத்த பருப்பு, இரண்டாகப் பிளந்தால் உள்ளே மஞ்சளும் பச்சையும் கலந்து மாவு மாதிரி படிந்திருக்கிற பருப்பு, இவற்றில்தான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. ஈரலுக்குப் புற்றுநோய் வரவழைக்கும் இயற்கைப் பொருள்களில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் கிடையாது. வறுத்தால் போய்விடுமா? முழுக்கப் போகாது. வேகவைத்தால்? அதற்கும் அசைந்து கொடுக்காது.

இது கண்டுபிடிக்கப்பட்டதே வான்கோழியால்தான். 1960-இல் இங்கிலாந்தில் பண்ணைகளில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தோண்டித் துருவினால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம்.

வான்கோழியோடு நிற்கவில்லை. 1974-இல் நம் நாட்டிலேயே, குஜராத்தின் பஞ்ச்மகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் 200-க்கும் மேற்பட்ட கிராமங்களில் பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலை, வயிறு வீங்கி நீர் கோத்தது, ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை. நனைந்த மக்காச்சோளம் பூத்துப்போனது. வேறு தானியம் வாங்க வழியில்லாதவர்கள் அதையே அரைத்துச் சாப்பிட்டார்கள். மனிதர்களுக்கு முன்னால் அந்த வீடுகளின் நாய்களுக்குத்தான் வயிறு வீங்கியது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் போய்ப் பார்த்துத்தான் அஃப்ளாடாக்சின் என்று சொன்னார்கள்.

பஞ்ச்மகாலில் நடந்தது ஒரேயடியாக அதிகம் உள்ளே போனதால் வந்த சாவு. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால்? இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும்.

அதற்கு உதாரணம் சீடோங். சீனாவில், யாங்சி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரை, எதிர்க்கரையில் ஷாங்காய். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, நடந்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் சில ஊர்களில், வயது வந்தவர்கள் பத்துப் பேர் இறந்தால் அதில் ஒருவர் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். ஈரப்பதமான ஊர், முக்கிய உணவு மக்காச்சோளம், அதில் பூஞ்சணம். போதாததற்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி நிறையப் பேர் உடம்பில். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஷாங்காய் ஆண்கள் 18,000 பேரை வைத்து ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், அஃப்ளாடாக்சின் மட்டும் உள்ளே போயிருந்தால் ஆபத்து 3 மடங்கு. கிருமி மட்டும் இருந்தால் 7 மடங்கு. இரண்டும் இருந்தால் 10 மடங்கு என்று கூட்டுவீர்கள், இல்லையா? 59 மடங்கு. மறுபடி சொல்கிறேன், 59.

வைட்டமினால் இதை ஏன் தடுக்க முடியவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அஃப்ளாடாக்சின் உள்ளே வந்ததும், அதைக் கரைத்து வெளியே அனுப்பலாம் என்று ஈரலின் நொதி ஒன்று அதை மாற்றுகிறது. மாற்றும்போது அது இன்னும் பொல்லாததாகி, நேராக டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. முக்கியமான சேதம் அந்த ஒட்டலில்தான் நடக்கிறது. கிருமியோ வருஷக்கணக்கில் உயிரணுக்களை அழிய வைத்து, புதிது புதிதாக முளைக்க வைத்து, தன் மரபுப் பொருளையும் உள்ளே செருகிவிடுகிறது. இவ்வளவு நடக்கிற இடத்தில் ஆக்ஸிஜன் துணுக்குகளை மட்டும் அடக்கி என்ன செய்வது?

சீடோங்கில் என்னவெல்லாமோ முயன்றார்கள். ஒரு ஊருக்குச் செலினியம் கலந்த உப்பு கொடுத்தார்கள். பக்கத்து ஊர்களுக்குச் சாதா உப்பு. செலினியம் ஊரில் நோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று அறிக்கை வந்தது. ஆனால் ஊருக்கு ஊர் வேறு வித்தியாசங்களும் இருக்குமே, ஆளுக்கு ஆள் சீட்டுக் குலுக்காததால் அதை நம்பி உலகத்துக்கே உப்பு மாற்ற முடியாது. 1997-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வேறு ஒன்றை முயன்றார்கள். இலையின் பச்சையத்திலிருந்து எடுக்கும் குளோரோஃபிலின். 180 பேருக்கு, வேளைக்கு 100 மில்லிகிராம், சாப்பாட்டோடு மூன்று வேளை, நான்கு மாதம். சிறுநீரில் பார்த்தால், அஃப்ளாடாக்சின் டி.என்.ஏ.வில் ஒட்டியதற்கான அடையாளம் 55 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல பலன். அது முக்கியமாக வேலை செய்தது குடலில் என்பது ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். நஞ்சை அங்கேயே கட்டிப் பிடித்து, உள்ளே ஏறவிடாமல் வெளியே தள்ளிவிடுகிறதாம். பார்த்தீர்களா, நஞ்சு உள்ளே போகாமல் இருந்தால்தான் பலன். அந்தச் சோதனையும் புற்றுநோயைத் தடுத்ததா என்று பார்க்கவில்லை, நான்கு மாதத்தில் பார்க்கவும் முடியாது.

இவர்கள் இப்படி மாத்திரையோடு போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆராய்ச்சிக்கு வெளியே ஒன்று நடந்தது. 1980-களில் சீனாவில் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளியிலிருந்து அரிசி வந்தது. சீடோங் மக்கள் மக்காச்சோளத்தை விட்டுவிட்டுச் சோறு சாப்பிட ஆரம்பித்தார்கள். ஈரலுக்கு நல்லது என்று யாரும் சொல்லி மாறவில்லை. வாய்க்கு நன்றாக இருக்கிறது, வாங்க முடிகிறது, அவ்வளவுதான். சேமித்து வைத்த ரத்தத்தைப் பிறகு எடுத்துச் சோதித்தார்கள். 1989-இல் அஃப்ளாடாக்சின் அடையாளத்தின் நடுமட்ட அளவு 19. 1999-இல் இரண்டு சொச்சம். 2009-இல் கருவிக்கே எட்டாத அளவு. 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில், 60-களில் பிறந்தவர்களையும் 80-களில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால், கல்லீரல் புற்றுநோய்ச் சாவு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இவர்கள் எல்லோரும், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்ற ஏற்பாடு வருவதற்கு முன்னால் பிறந்தவர்கள். ஆகவே அது தடுப்பூசியின் வேலை இல்லை. சோறு செய்த வேலை.

இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள், அப்படியானால் சோறு புற்றுநோய்க்கு மருந்தா சார் என்று கேட்பார்கள். இல்லை, இல்லவே இல்லை. சோற்றில் விசேஷம் ஒன்றும் கிடையாது. பூஞ்சணம் பிடித்த சோளம் தட்டிலிருந்து போனதுதான் விசேஷம்.

நம் ஊருக்கு வருவோம். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினதும் காய் மேலே பார்க்கிற மாதிரி கவிழ்த்து வெயிலில் போடுவார்கள், நம் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்ததா என்று பார்க்க, நாலு காயைக் கையில் எடுத்துக் காதுப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார்கள். காய்ந்திருந்தால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடும். ஈரம் இருந்தால் சத்தமே வராது. எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். சிக்கல் எங்கே என்றால், அறுவடைச் சமயத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டிவிடுவோம். அடுத்தது, கடலை உடைக்கும் இடங்களில் ஓடு சுலபமாக உடையட்டும், பருப்பு இரண்டாகப் போகாமல் இருக்கட்டும் என்று மூட்டை மேல் தண்ணீர் தெளிப்பார்கள். எடையும் கொஞ்சம் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன். கூலிக்கு உடைக்கிற பெண்களைக் குறை சொல்ல மாட்டேன், விரல் நகம் பெயர்ந்துபோகும் வேலை அது. ஆனால் நன்றாகக் காய்ந்த கடலைக்கு அந்தத் தண்ணீர்தான் பூஞ்சணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

பிறகு நல்ல பருப்பை வியாபாரத்துக்குப் பொறுக்கி எடுத்துவிட்டு, சொத்தையை வீட்டுச் சட்னிக்கு வைத்துக்கொள்கிறோம். அல்லது செக்குக்கு அனுப்புகிறோம். செக்கு எண்ணெய்க்கு இப்போது நல்ல மவுசு. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிட்டாலும், சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் வரும். ஆகவே எந்தக் கடலையை ஆட்டுகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால் பாலில் வரும். சொத்தையைப் பொறுக்கி எறிவது நஷ்டம்தான். விவசாயிக்கு இது வயிற்றெரிச்சல் பிடித்த விஷயம் என்று தெரியும். ஆனாலும் எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மையார் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் பி. 1965-இல் இதன் அடையாளத்தை முதலில் வெளியிட்டவர் அமெரிக்காவின் பாரூக் பிளம்பெர்க், 1976-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கிருமிக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அடித்துச் சொன்னது தைவான். 22,707 அரசு ஊழியர்களைக் கவனித்ததில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர், அதில் 40 பேர் உடம்பில் இந்தக் கிருமி. தைவான் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளில் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது, பத்து வருஷத்தில் 0.36 ஆனது. நம் நாட்டில் 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் இலவசம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. நல்ல நேரம் பார்க்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டாம்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அதே பிளம்பெர்கும் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. சாதாரண மஞ்சள் காமாலையில் கீழாநெல்லி கேட்டது என்று சொல்கிறவர்களில் பலருக்கு, தண்ணீரால் வருகிற அந்தக் காமாலை தானாகவே சரியாகிற வகை. பி கிருமி அப்படி இல்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கொழுப்பு ஈரல், அதாவது ஃபேட்டி லிவர், இதில் மட்டும் வைட்டமின் ஈக்கு ஓர் இடம் இருக்கிறது. 2010-இல் வந்த சோதனை, சர்க்கரை நோய் இல்லாத 247 பேர். தினம் 800 யூனிட், 96 வாரம். சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி தேறியது, வெறும் மாத்திரைக்காரர்களில் 19. ஆனால் தழும்பு தேறவில்லை, புற்றுநோயை அது பார்க்கவும் இல்லை. ஈரலிலிருந்து சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தவர்களுக்குக் கொடுத்தது அது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. நான் குடிக்கிறேன், ஆனால் அதற்காக இல்லை. சாராயத்தைப் பற்றிப் பேச ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன், அதைத் தொடவே நேரமில்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து அதை மட்டும் பேசுகிறேன். வணக்கம்.